வீட்டு உள்ளரங்கப் படங்களில் ஒளி: கோவில்பட்டித் திரைச்சீலை முதல் கணினி வரை

கட்டப்படாத ஒரு வீட்டின் உட்புறம் எப்படி இருக்கும் என்பதைக் கணினியில் படமாக உருவாக்கிக் காட்டுவது உள்ளரங்க ரெண்டரிங் எனப்படுகிறது. தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலில் இதைப் பொதுவாக 'த்ரீடி வியூ' என்பர். சுவர், தரை, அலமாரி, கட்டில் ஆகியவற்றின் அளவுகளைக் கணினிக்குத் தருவது இதன் முதற்பகுதி. அவற்றின்மீது வெயிலும் விளக்கொளியும் எவ்வாறு விழும் என்பதை அமைப்பது இரண்டாம் பகுதி. ஒரே அறை, ஒரே சாமான்கள் என்றாலும் ஒளியை மாற்றினால் படம் முற்றிலும் மாறிவிடும் என்பதால் இரண்டாம் பகுதியே கடினமானது.

கணினிக்கு முன்பும் இந்தச் சிக்கல் இருந்தது. தட்டையான பரப்பில் ஓர் அறையை வரைந்து, அதற்குள் வெளிச்சம் இருப்பதாக நம்பவைக்கும் வேலையை நாடகத் திரைச்சீலை ஓவியர்கள் செய்துவந்தனர். தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி அத்தகைய ஓவியர்கள் வாழ்ந்த ஊர். கடும் வெயிலும் கருமண்ணும் உள்ள கரிசல் வட்டாரத்தின் நடு ஊராகவும் அது இருப்பதால், ஒளியமைப்பின் வரலாற்றையும் செயல்முறையையும் விளக்க நல்ல எடுத்துக்காட்டாகிறது.

கரிசல் வீடும் வெளிச்சமும்

கரிசல் வட்டாரத்தின் பழைய வீடுகள் வெளிச்சத்தை வரவேற்பதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. வெயிலை வெளியே நிறுத்துவதே அவற்றின் முதல் நோக்கம். கனத்த மண் சுவர் அல்லது கல் சுவர், சிறிய சன்னல், தாழ்ந்த வாசல், முன்னால் தார்சா என்பது பொதுவான அமைப்பு. வசதியுள்ள காரை வீடுகளில் பட்டாசலுக்கு வெளிச்சம் வர நடுவில் வானவெளி இருந்தது. ஓட்டு வீடுகளில் ஒன்றிரண்டு கண்ணாடி ஓடுகளைப் பதித்தனர். அடுக்களையில் அந்த ஓட்டின் வழியே விழும் வெயில் காலையில் ஒரு சுவரிலும் மாலையில் எதிர்ச்சுவரிலும் நின்று, கடிகாரம் இல்லாத வீட்டில் நேரம் காட்டியது.

இரவில் மாடக்குழியில் அகல் விளக்கு எரிந்தது. பின்னர் சிம்னி விளக்கும் அரிக்கேன் விளக்கும் வந்தன. கல்யாண வீட்டுக்கும் நாடக மேடைக்கும் பெட்ரோமாக்ஸ் வந்தது. பாபநாசம் நீர்மின் நிலையம் 1944இல் இயங்கத் தொடங்கியபின் திருநெல்வேலிச் சீமையில் மின்விளக்கு படிப்படியாகப் பரவியது. மஞ்சள் குண்டு பல்பின் இடத்தைப் பின்னாளில் வெள்ளை டியூப் லைட் பிடித்தது. இந்த விளக்கு ஒவ்வொன்றும் அறைக்கு வேறு நிறம் தந்தது என்பது, பின்னர் கணினிப் படங்களைப் பற்றிப் பேசும்போது முக்கியமாகிறது.

மரபு ஓவியத்தில் ஒளி

தமிழகத்தின் நாயக்கர் காலச் சுவரோவியங்களிலும் தஞ்சாவூர் ஓவியங்களிலும் மாளிகையும் மண்டபமும் உண்டு, நிழல் இல்லை. எல்லாப் பொருளும் ஒரே அளவு ஒளியில் இருக்கும். இதைக் குறை என்று கொள்ளக் கூடாது. எந்த நேரத்திலும் நிகழும் தெய்வக் காட்சிக்குக் காலை, மாலை என்னும் அடையாளம் தேவைப்படவில்லை.

ஒரு திசையிலிருந்து வரும் ஒளி, அதற்கேற்ற நிழல், தொலைவில் சுருங்கும் தூண்வரிசை ஆகியவை ஐரோப்பியக் கல்விமுறையுடன் வந்தன. இத்தாலியின் லியோன் பத்திஸ்தா ஆல்பர்ட்டி 1435இல் எழுதிய ஓவிய நூலில் தொலைநோக்கு வரைமுறையை விளக்கினார். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னர் அரசுக் கலைப்பள்ளியாக வளர்ந்து, இம்முறையில் பல தலைமுறை ஓவியர்களைப் பயிற்றுவித்தது. ராஜா ரவிவர்மா (1848–1906) எண்ணெய் வண்ணத்தில் அறையின் இருளையும் பட்டுச் சேலையின் பளபளப்பையும் காட்டினார். 1894இல் பம்பாயில் தொடங்கிய அவருடைய அச்சகத்தின் படங்கள் வழியே நிழல் விழும் அறைகள் சாதாரண வீடுகளின் சுவர்களையும் அடைந்தன.

கோவில்பட்டித் திரைச்சீலைகள்

பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் தமிழ் நாடக மேடையில் வரையப்பட்ட திரைச்சீலைகள் இடம்பெற்றன. அரண்மனை, தெரு, காடு, நந்தவனம் என ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு 'சீன்' உண்டு. அவற்றுள் அரண்மனைச் சீன் கடினமானது. சில அடி ஆழமே உள்ள மேடையில் நீண்ட கொலுமண்டபம் இருப்பதாகக் காட்ட வேண்டும். அதற்குத் தூண்களின் அளவு மட்டும் போதாது. முன் தூணில் கூர்மையான வெளிச்சமும் பின் தூணில் மங்கிய வெளிச்சமும் வேண்டும். திரையில் வரைந்த நிழலின் திசை மேடை விளக்கின் திசைக்கு ஒவ்வாமல் போனால் மண்டபம் துணியாகிவிடும்.

இத்தகைய ஓவியராகக் கோவில்பட்டிக்கு வந்தவர் சி. கொண்டைய ராஜு (1898–1976). சென்னை அரசுக் கலைப்பள்ளியில் பயின்றவர். துறவு நாட்டத்தில் சிலகாலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். பின்னர் நாடகக் குழுவில் திரைச்சீலை ஓவியரானார். 1940களின் தொடக்கத்தில் அவர் இருந்த குழு கோவில்பட்டியில் கலைந்தது. அவர் ஊர் திரும்பாமல் அங்கேயே தங்கினார். அவரும் மாணவர்களும் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோ, புகைப்பட நிலையமாகவும் ஓவியக்கூடமாகவும் விளங்கியது. சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம், மீனாட்சிசுந்தரம் ஆகியோர் அவருடைய மாணவர்களுள் குறிப்பிடத்தக்கவர்கள். அருகிலுள்ள சிவகாசியின் அச்சகங்கள் இவர்களின் படங்களை நாட்காட்டிகளாக அச்சிட்டுத் தமிழகம் முழுவதும் பரப்பின. கனடிய ஆய்வாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் இவ்வோவியர்களைப் பற்றி விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார்.

இந்த நாட்காட்டி ஓவியங்களில் ஒளி இரண்டு வகையாக அமைந்திருப்பதைக் காணலாம். பின்னணி மண்டபத்தின் தூண், வளைவு, திரைச்சேலை ஆகியவற்றில் கலைப்பள்ளி கற்பித்த முறைப்படி வெளிச்சமும் நிழலும் உண்டு. நடுவில் உள்ள தெய்வத்தின் முகத்திலோ ஆழ்ந்த நிழல் விழாது. பின்னணி உலகத்து ஒளியைச் சார்ந்தது, தெய்வ உருவம் தன் ஒளியிலேயே நிற்பது. கணக்குப்படி இது பொருந்தாது என்றாலும் பார்ப்பவருக்கு உறுத்துவதில்லை. எந்த இடத்தில் இயற்கையைப் பின்பற்றுவது, எந்த இடத்தில் விலகுவது என்று ஓவியர் அறிந்தே முடிவுசெய்தார். இன்று கணினியில் ஒளியமைப்பவரும் இதே முடிவைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

திரைப்படத்தின் பங்கு

தமிழ்த் திரைப்படத்தின் தொடக்ககால உள்ளரங்குகள் நாடக மேடையைப் போலவே எல்லாப் பக்கமும் வெளிச்சம் பெற்றன. ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா 'முள்ளும் மலரும்' (1978) போன்ற படங்களில் இயற்கை ஒளியைச் சார்ந்து பணிசெய்தார். பி. சி. ஸ்ரீராம் 'மௌன ராகம்' (1986), 'நாயகன்' (1987) ஆகிய படங்களில் அறையின் பெரும்பகுதியை இருளில் விட்டுச் சன்னலையோ விளக்கையோ மட்டும் ஒளியின் காரணமாகக் காட்டினார். அறைக்குள் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்வையாளர் கவனிக்கத் தொடங்கியது இத்தகைய படங்களுக்குப் பிறகுதான் எனலாம். வீட்டுப் படங்களில் இன்று விரும்பப்படும் 'மூடு லைட்டிங்' என்னும் சொல்லும் திரைப்படத் துறையிலிருந்தே பரவியது போலும்.

கணக்காக மாறிய ஒளி

கணினி வரைகலையில் ஒளியின் கதை 18ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது. ஜொகான் ஹென்ரிச் லாம்பர்ட் 1760இல் வெளியிட்ட நூலில், மங்கலான பரப்பின்மீது ஒளி சாய்வாக விழும்போது அதன் வெளிச்சம் சாய்வுக் கோணத்தின் கோசைன் அளவுக்குக் குறைகிறது என்று விளக்கினார். நண்பகல் வெயில் தரையைச் சுடுவதற்கும் மாலை வெயில் இதமாக இருப்பதற்கும் உள்ள காரணங்களுள் இதுவும் ஒன்று.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1970களில் இவ்விதி கணினிக்கு வந்தது. ஹென்றி கூரோ 1971இலும் வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபோங் 1973இலும், வளைந்த பரப்பில் வெளிச்சம் படிப்படியாக மாறுவதையும் பளபளப்பான பரப்பில் ஒளிப்புள்ளி தோன்றுவதையும் கணக்கிட வழிகண்டனர். டர்னர் விட்டெட் 1980இல் வெளியிட்ட கட்டுரையில் ஒளிக்கதிரைப் பின்னோக்கித் தொடரும் முறையை விளக்கினார். கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டு, பொருளில் பட்டு, கண்ணாடியில் எதிரொளித்து விளக்கை அடைகிறதா என்று பார்ப்பதே அம்முறை. கண்ணாடியும் நீரும் அதன்பின் படத்தில் உண்மையாகத் தெரிந்தன.

இருந்தும் வீட்டின் உட்புறம் சரியாக வரவில்லை. வெயில் நேராக விழாத மூலை படத்தில் கன்னங்கரேலென்று இருந்தது. உண்மையான அறையில் அப்படி இருப்பதில்லை. தரையில் விழுந்த வெயில் சுவருக்குத் தாவி, சுவரிலிருந்து கூரைக்குத் தாவி, மூலைக்கும் கொஞ்சம் போய்ச்சேர்கிறது. இந்தத் தாவும் ஒளியைக் கணக்கிடும் முறையை 1984இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கோரல், டாரன்ஸ், கிரீன்பெர்க், பட்டெய்ல் ஆகியோர் வெளியிட்டனர். வெப்பம் ஒரு பரப்பிலிருந்து மற்றொன்றுக்குக் கதிர்வீசலால் பரவுவதற்கான பொறியியல் கணக்கையே அவர்கள் ஒளிக்குப் பயன்படுத்தினர். ஜப்பானில் நிஷிதாவும் நகமாயேவும் இதே காலத்தில் இதையே ஆராய்ந்தனர். சிவப்புச் சுவரின் அருகிலுள்ள வெள்ளைச் சுவர் சற்றுச் சிவந்து தோன்றுவதைக் கணினி முதன்முதலில் சரியாகக் காட்டியது இம்முறையில்தான். ரெட் ஆக்சைடு தரை போட்ட பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவரின் அடிப்பகுதி காலை வெயிலில் சிவப்பேறி நிற்பதும் இதுவே.

ஜேம்ஸ் கஜியா 1986இல் இந்த முறைகள் அனைத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கினார். தாவும் ஒளியைத் தற்செயலாகத் தேர்ந்த கதிர்களால் கணக்கிடும் இன்றைய முறைக்கு அதுவே அடிப்படை. ஒளி காற்றிலும் புகையிலும் சிதறிப் பரவுவதற்கான கணிதத்தைத் தமிழரான வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியான தம் நூலில் தொகுத்திருந்தார். விண்மீன்களுக்காக எழுதப்பட்ட அந்தக் கணிதம், மேகம், தூசு, புகை ஆகியவற்றைப் படமாக்கும் வரைகலை ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது.

மென்பொருள்கள்

1990இல் வெளிவந்த 'த்ரீடி ஸ்டூடியோ', 1996இல் 'த்ரீடி ஸ்டூடியோ மேக்ஸ்' என்னும் புதிய வடிவம் பெற்றது. தாவும் ஒளியைக் கணக்கிடும் வேகம் அக்காலச் சாதாரணக் கணினிகளுக்கு இல்லை. எனவே வரைபவர்கள் அறையின் மூலைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு விளக்குகளை வைத்து, இருக்கும் என்று தாங்கள் ஊகித்த வெளிச்சத்தைக் கையால் நிரப்பினர். திரைச்சீலை ஓவியரின் வேலைக்கு மிக நெருக்கமான கட்டம் இது.

பல்கேரியாவின் கேயாஸ் குழுமம் 2002இல் வெளியிட்ட 'வி-ரே' போன்ற மென்பொருள்கள் இந்த நிலையை மாற்றின. சன்னலுக்கு வெளியே சூரியனையும் வானத்தையும் வைத்தால் மீதியைக் கணினி கணக்கிட்டது. 2000இல் வந்த 'ஸ்கெட்ச்அப்' முப்பரிமாண வரைவைச் சிறு அலுவலகங்களுக்கும் எளிதாக்கியது. 2002இல் கட்டற்ற மென்பொருளாக மாறிய 'பிளெண்டர்', 2011 இறுதியில் 'சைக்கிள்ஸ்' என்னும் ஒளிக்கணக்கு நிரலைப் பெற்றது. விலை கொடுத்து மென்பொருள் வாங்க முடியாத சிற்றூர் இளைஞருக்கும் பல்கலைக்கழக ஆய்வின் பயன் இவ்வாறு கிட்டியது.

கதிர்முறைப் படங்களில் முதலில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தோன்றும். அதைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு கதிர்கள் தேவை. ஒரு படத்துக்காகக் கணினியை இரவு முழுவதும் ஓடவிடுவது அதனால்தான் வழக்கமாயிற்று. இரைச்சலைத் துடைக்கும் நிரல்கள் 2019 வாக்கில் பரவலானபின் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது.

ஒளியைச் சரிசெய்யும் முறை

முதலில் அமைக்க வேண்டியது இடம். கோவில்பட்டி வடக்கே 9.17 பாகை அகலாங்கில் உள்ளது. இடத்தைக் குறிக்காமல் விட்டால் ஸ்கெட்ச்அப் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஊரை எடுத்துக்கொள்ளும். அங்குச் சூரியன் ஒருநாளும் தலைக்கு நேர் மேலே வராது, டிசம்பர் நண்பகலில் 27 பாகை உயரத்திலேயே நிற்கும். அந்த வெயில் தெற்குச் சன்னல் வழியே அறையின் ஆழம்வரை நீண்டு அழகாக விழும். கோவில்பட்டியில் அது நடக்காது.

கோவில்பட்டிக்கு நேர் மேலே சூரியன் ஆண்டுக்கு இருமுறை வருகிறது. ஒன்று ஏப்ரல் நடுவில், சித்திரைப் பிறப்பை ஒட்டி. மற்றொன்று ஆகஸ்டு இறுதியில். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். ஜூனில் அதன் உயரம் ஏறத்தாழ 76 பாகை. டிசம்பரில் தெற்கே 57 பாகை. சன்னலுக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடு இருந்தால் ஜூன் நண்பகலில் வடக்குச் சுவரில் ஏறத்தாழ 6 அடிக்கு நிழல் இறங்கும். அதே சன்ஷேடு டிசம்பர் நண்பகலில் தெற்குச் சுவரில் இரண்டேகால் அடிக்குச் சற்று மேல்தான் நிழல் தரும். வடக்குச் சன்னலில் வெயிலே வராது என்று பாடநூல்களில் காணும் விதி குளிர்நாடுகளுக்கு உரியது.

நேரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. இந்திய நேரம் 82.5 பாகை நெட்டாங்கைக் கொண்டு கணிக்கப்படுகிறது. கோவில்பட்டி அதற்கு மேற்கே உள்ளதால் அங்கு உச்சிவேளை சராசரியாக 18 நிமிடம் தாமதமாக, 12.18 அளவில் வருகிறது.

இரண்டாவது, வெளித்தரை. மென்பொருளில் வீட்டைச் சுற்றிப் பச்சைப் புல்வெளியோ வெளிர்நிறத் தரையோ வைப்பது வழக்கம். வெளிர்தரை வெயிலைத் திருப்பி அறையின் கூரைவரை அனுப்பும். உழுத கரிசல் மண்ணோ தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே திருப்பித்தரும், மழை நனைத்தால் அதனினும் குறைவு. கரிசல் காட்டை ஒட்டிய வீட்டுக்குப் புல்வெளி வைத்து வரைந்த படம் அறையின் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும்.

மூன்றாவது, சுவரின் நிறம். கணினியில் முழு வெள்ளை என்றால் விழுந்த ஒளி அனைத்தும் திரும்புவதாகப் பொருள். அப்படிப்பட்ட சுவர் உலகில் இல்லை. புதிதாக வெள்ளையடித்த சுவருக்கே 80 விழுக்காடு அளவில் வைப்பது நல்லது. முழு வெள்ளையாக வைத்தால் ஒளி தாவித் தாவிக் குறையாமல் நின்று, அறை பஞ்சுபோல் வெளிறும்.

நான்காவது, விளக்கின் நிறம். அகல் விளக்கின் சுடர் 1,900 கெல்வின் அளவிலும், குண்டு பல்பு 2,700 அளவிலும், வெள்ளை டியூப் லைட் 6,500 அளவிலும் அமையும். எண் கூடக்கூட ஒளி நீலம் சாரும். படத்தில் மஞ்சள் ஒளி வைத்துவிட்டு வீட்டில் வெள்ளை விளக்கு மாட்டினால் மரநிற அலமாரி சாம்பல் பூத்தாற்போல் தெரியும். விளக்கின் தொலைவும் கவனத்துக்குரியது. தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும்.

ஐந்தாவது, வெளிச்ச அளவு. நண்பகல் வெயிலில் வெளியே ஒரு லட்சம் லக்ஸ் இருக்கும்போது அறைக்குள் சில நூறு லக்ஸ் இருக்கலாம். மனிதக் கண் இரண்டையும் மாறி மாறிப் பழகிக்கொள்ளும். படத்தால் அது இயலாது. அறை தெளிவாக வேண்டுமென்றால் சன்னல் வெளுக்கும். சன்னலுக்கு வெளியே காடு தெரிய வேண்டுமென்றால் அறை இருளும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்குவதற்கு ஒளிச்சுருக்கம் செய்யப்படுகிறது. அதை அளவோடு செய்தால் அறை இயல்பாக இருக்கும். மிகுந்தால் வெயிலே இல்லாத வெயில்நாள் போன்ற படம் கிடைக்கும்.

படமும் வீடும்

உள்ளரங்கப் படம் வெறும் அழகுப் பொருள் அன்று. அதைப் பார்த்துத்தான் ஒரு குடும்பம் சன்னலின் இடத்தையும் அளவையும் ஒப்புக்கொள்கிறது, கடன் வாங்குகிறது, வேலையைத் தொடங்கச் சொல்கிறது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை செய்துகொண்டு ஊரில் வீடு கட்டுபவருக்குப் பல மாதங்கள்வரை அந்தப் படமே வீடு. எனவே ஒளியில் செய்யப்படும் சிறு சலுகைகூட விளைவு உடையது.

வழக்கமான சலுகைகள் சில உண்டு. பத்தடி அறையை முழுதாகக் காட்டக் கேமராவுக்குப் பின்னுள்ள சுவரை நீக்கிவிடுவர். நீக்கிய சுவரின் வழியே வானத்து ஒளி உள்ளே புகுந்து, இல்லாத வெளிச்சத்தைத் தரும். சுவரை இருத்திக்கொண்டே கேமரா மட்டும் அதை ஊடுருவிப் பார்க்கும் வசதி மென்பொருள்களில் உண்டு, அதைப் பயன்படுத்துவதே முறை. சன்னல் கம்பியும் கொசுவலையும் படங்களில் பெரும்பாலும் விடுபடுகின்றன. கரிசல் ஊர்களில் கொசுவலை இல்லாத சன்னல் அரிது. அது வெளிச்சத்தில் கணிசமான பங்கை நிறுத்திவிடும். பக்கத்து மனையில் எழப்போகும் சுவரும் படத்தில் வருவதில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். படத்தில் வெயில் அழகாக இருக்கும், சுடாது. மேற்குப் பார்த்த அகலக் கண்ணாடிச் சன்னல் மாலை நான்கு மணிப் படத்தில் பொன்னிறமாக ஒளிரும். அதே நான்கு மணிக்குச் சித்திரை மாதத்தில் அந்த அறையில் உட்கார முடியாது. மறுபுறம், தென்மேற்குப் பருவத்தில் கயத்தாறு வட்டாரக் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று வருவதும் அதே திசையில்தான். காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் சன்னல் வேண்டும் என்பதைப் படம் சொல்லாது, வரைபவர்தான் சொல்ல வேண்டும். தார்சாவும் வானவெளியும் கட்டிய பழைய கொத்தனார்கள் படம் வரையாமலே இதற்கு விடைகண்டிருந்தனர்.

இக்காரணங்களால் ஓர் அறைக்கு ஒரே படம் தருவதைவிட, சித்திரை நண்பகல், மார்கழிக் காலை, விளக்கேற்றிய இரவு என மூன்று படங்கள் தருவது நேர்மையான நடைமுறை. மூன்றிலும் சூரியனின் இடமும் சுவரின் நிறமும் விளக்கின் நிறமும் உண்மையான அளவில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிரெக் வார்டு உருவாக்கிய 'ரேடியன்ஸ்' என்னும் நிரல், படத்தோடு அறையின் ஒவ்வோர் இடத்திலும் எத்தனை லக்ஸ் கிடைக்கும் என்ற எண்ணையும் தருகிறது. படிக்கும் மேசை எங்கே போடலாம் என்று கேட்பவருக்கு அழகிய படத்தைவிட அந்த எண்ணே உதவும்.

நாடகத் திரைச்சீலையில் வரையப்பட்ட மண்டபத்தில் எவரும் குடியேறுவதில்லை. அது மாயம் என்று வரைந்தவருக்கும் பார்த்தவருக்கும் தெரியும். கணினிப் படத்தின் மண்டபத்தில் ஒரு குடும்பம் குடியேறப் போகிறது. ஒளியைக் கணக்கிடும் கலை இவ்வளவு வளர்ந்தபின் ஓவியருக்கு இருந்த சுதந்திரத்துடன் ஒரு பொறுப்பும் சேர்ந்துள்ளது. தெய்வத்தின் முகத்திலிருந்து நிழலை நீக்குவது கலை. வீட்டின் இருண்ட மூலையிலிருந்து நிழலை நீக்குவதற்குச் சன்னல் வைக்க வேண்டும்.